வேலூர் பக்கம் மீட்டர் துணி எங்கே வாங்குவது? (நைட்டி, உள்பாவாடை, துணிப்பை)

காட்பாடி தையல்:

வணக்கம். காட்பாடியில் நாலு மெஷின் வைத்துத் தைக்கும் மகளிர் குழு எங்களுடையது. மாதத்துக்கு 40 நைட்டி, 60 உள்பாவாடை, 100 துணிப்பை என்று ஆர்டர் நிலையாக வருகிறது. நடுநடுவே சின்னப் பெண்களுக்குப் பட்டுப் பாவாடையும் வரும். இப்போது துணியை வேலூர் லாங்கு பஜாரில் அவ்வப்போது மீட்டர் கணக்கில் வாங்குகிறோம்.

கேட்க வேண்டியது மூன்று. முதலாவது, இந்த அளவுக்கு வேலூரே போதுமா, இல்லை சென்னை, ஈரோடு போனால்தான் கட்டுமா? இரண்டாவது, குடியாத்தம், ஆரணி இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே தையலுக்கு ஏற்ற துணி எது கிடைக்கும்? மூன்றாவது, உள்பாவாடைக்கு 2 மீட்டர் பாப்ளின் வெட்டுகிறோம். முதல் சலவைக்குப் பிறகு நீளம் குறைகிறது என்று சொல்கிறார்கள். தவறு துணியிலா, அளவிலா? ஒரு உருப்படிக்கு எத்தனை மீட்டர் என்று சரியான கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீட்டர்கோல்:

அக்கா, மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது தெரியாமல் எந்த ஊரில் வாங்கினாலும் நஷ்டம்தான்.

2 மீட்டர் என்றால் 78.7 அங்குலம். இரண்டாக மடித்தால் ஒரு பக்கத்துக்கு 39.3. கீழ் மடிப்புக்கு 1 அங்குலம், மேலே நாடா பட்டி சேரும் இடத்தில் அரை அங்குலம் போனால் தைத்து முடிந்த நீளம் 37.8. சாதாரண பாப்ளின் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 4 சதவீதம் என்று வைத்தாலே 37.8 அங்குலம் 36.3 ஆகிவிடும். 38 கேட்டவர் கையில் 36தான் போய்ச் சேருகிறது. ஆக, துணி தன் இயல்புப்படிதான் சுருங்குகிறது, அளவில்தான் அதற்கு இடம் விடவில்லை.

36 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) பாப்ளினில் 38 நீள உள்பாவாடைக்குச் சரியான கணக்கு இது. 39.5 அங்குலம் இரண்டு முறை, 79 அங்குலம், அதாவது 2 மீட்டருக்குச் சற்று மேல். சுருக்கத்துக்கு 10 செ.மீ. சேருங்கள். நாடா பட்டிக்கு 15 செ.மீ. ஆக 2.25 மீட்டர். 60 உருப்படிக்கு 135 மீட்டர். நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். நனைக்காமலே வெட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு துண்டையும் 41 அங்குலமாக வெட்டி, கூடுதல் ஒன்றரை அங்குலத்தைக் கீழ் மடிப்பில் விடாமல் மேல் உடம்பிலேயே விடுங்கள். தைத்தபோது 39.5 இருக்கும், துவைத்தபின் 38க்கு வந்து நிற்கும்.

தானை (வெட்டாத முழுத் துணிக்கட்டு) நனைப்பது பெரிய வேலை இல்லை. 25 மீட்டர் பாப்ளின் இரண்டரை கிலோ அளவுதான் வரும். மடிப்புப் பிரித்து, தளர்வாக விசிறி மடிப்பாக அடுக்கி, பெரிய டப்பில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. பிழிந்தால் நூல் நேர் கோணும், அப்புறம் வெட்டும் பாவாடை ஒரு பக்கமாகச் சாயும். நீர் வடிந்ததும் நிழலில் அகலவாக்கில் போட்டுக் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்யுங்கள். ஆழ்ந்த நிறத்தையும் வெள்ளையையும் ஒரே டப்பில் போட வேண்டாம். இந்த வேலையே வேண்டாம் என்றால் ‘சான்ஃபரைஸ்டு’ பாப்ளின் கேளுங்கள். ஆலையிலேயே சுருக்கி எடுத்தது, பிறகு சுருங்குவது ஒரு சதவீதம் அளவில்தான். விலை கூடும், ஆனால் கூலி மிச்சம்.

இப்போது கடைக்கு வருவோம். காட்பாடி-பாகாயம் டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் லாங்கு பஜாரும் அதை ஒட்டிய தெருக்களும் நடக்கிற தூரம். அங்கே வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது இவை.

பன்னா கேட்காமல் விலை பேசாதீர்கள். 36 அங்குலத் துணி மீட்டர் 60 ரூபாய், 44 அங்குலத் துணி 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்குப் பார்த்தால் முதலாவது 65.6 ரூபாய், இரண்டாவது 62.6 ரூபாய். விலை கூடியதாகத் தெரிவதுதான் மலிவு. பன்னாவைக் கரையிலிருந்து கரைவரை நீங்களே டேப் வைத்து அளங்கள். 44 என்று சொல்லும் துணி 42 இருப்பது சகஜம். நைட்டியில் அந்த 2 அங்குலம் போனால் கைக்குத் துணி வராது.

கஞ்சி எவ்வளவு என்று பார்க்க, துணியின் ஒரு மூலையை இரண்டு கைகளுக்கு நடுவில் நன்றாகக் கசக்கி, கறுப்புத் துணி மேல் உதறுங்கள். வெள்ளைப் பொடி விழுந்தால் கஞ்சி ஏற்றியிருக்கிறார்கள். கசக்கிய இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நூல்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். அந்தப் பாப்ளின் ஒரு சலவையில் கொசுவலை மாதிரி ஆகும், தையல் ஓரத்தில் நூல் நழுவும்.

சாயத்துக்கு, வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி அழுத்தி 10 முறை தேயுங்கள். லேசாக நிறம் ஒட்டினால் முதலிரண்டு சலவையில் சரியாகும். நன்றாக ஒட்டினால் விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், நிற்காது. சாயம் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை, ஏறி முடிந்த சாயத்தை அது பிடித்துவைக்காது.

பூப்போட்ட துணியில், டிசைன் வரிசை கரைக்கு நேர்க்கோணத்தில் போகிறதா என்று ஒரு மீட்டர் பிரித்துப் பாருங்கள். கோணலாக அச்சடித்த துணியை நூல் நேருக்கு வெட்டினால் பூ சாயும், பூவுக்கு நேராக வெட்டினால் உடை முறுக்கும். இரண்டுக்கும் நடுவே வழி இல்லை. வாங்காமல் இருப்பதுதான் வழி.

குடியாத்தம் பாவு:

குடியாத்தம், ஆரணி இரண்டையும் பற்றிச் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு சரக்கு. ஒன்றுக்குப் போகும் வேலைக்கு மற்றொன்றுக்குப் போகக் கூடாது.

குடியாத்தம் லுங்கி ஊர். தறியில் வருவது பெரும்பாலும் நூல் சாயம் ஏற்றிய கட்டம். அதாவது நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயம், அதனால் இரண்டு பக்கமும் ஒரே நிறம், அச்சுத் துணி மாதிரி உள்பக்கம் வெளுத்திருக்காது. ஒரு லுங்கி 2 மீட்டர் நீளம், பன்னா ஏறக்குறைய 50 அங்குலம். தையல்காரர் கண்ணில் பார்த்தால் அது 50 அங்குலப் பன்னாவில் 2 மீட்டர் காட்டன், கரை இரண்டும் சுத்தமாக. சட்டை, வீட்டு ஃபிராக், தலையணை உறை, பை லைனிங் எல்லாவற்றுக்கும் ஆகும். தைக்காத லுங்கியாகக் கேளுங்கள், மூட்டித் தைத்ததைப் பிரித்தால் ஓரத்தில் ஊசித் துளை வரிசை நிற்கும்.

நைட்டிக்கு லுங்கித் துணி நன்றாக இருக்கும், ஆனால் ஒரு லுங்கி போதாது. இரண்டு லுங்கி, 4 மீட்டர் ஆகிவிடும். அதனால் நெசவாளரிடமோ மொத்தக் கடையிலோ ‘வெட்டாத தானாக’ கிடைக்குமா என்று கேளுங்கள். லுங்கிகள் தறியில் தொடர்ச்சியாகத்தான் ஓடுகின்றன, பிறகுதான் வெட்டுகிறார்கள். ஒரு லுங்கி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் இடத்தில் குறுக்குப் பட்டை ஒன்று இருக்கும். வெட்டும்போது அது நைட்டியின் நடு வயிற்றில் வராதபடி அடுக்க வேண்டும். கீழ் ஓரத்துக்கோ கைக்கோ கொண்டுவந்தால் அதுவே அலங்காரம்.

நூல் நம்பர் (நூல் எவ்வளவு மெல்லிசு என்று காட்டும் எண்) கேட்டு வாங்குங்கள். 40 நூல் கனம், 60 நடுத்தரம், 80க்கு மேல் மெல்லிசு. நைட்டிக்கு 60 போதும். வேலூர் வெயிலுக்கு 80 சுகம், ஆனால் தையல் ஓரத்தை ஓவர்லாக் அடிக்காமல் விட்டால் நூல் பிரியும். லுங்கியில் கஞ்சி அதிகம், அது அந்தத் துணியின் வழக்கம், ஏமாற்று இல்லை. அதனால் மீட்டர்கோல் சொன்ன கசக்கிப் பார்க்கும் சோதனையை லுங்கிக்கு வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு லுங்கி மட்டும் வாங்கி, கஞ்சி போகும்வரை இரண்டு முறை அலசி, காய்ந்தபின் நெசவு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். பிறகு மொத்தம் எடுங்கள். கட்டத் துணிக்குக் கட்டம் சேர்க்க 10 சதவீதம் கூடுதல் வேண்டும். பக்கத் தையலில் கட்டம் சேராவிட்டால் எவ்வளவு நல்ல துணியும் மலிவாகத் தெரியும்.

ஆரணி பட்டு ஊர். நைட்டிக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. பட்டுப் பாவாடைக்குத்தான் போக வேண்டும். பட்டுப் பாவாடைத் துணியில் பலர் தவறுவது ஓர் இடத்தில்: நீளத்துக்கும் பன்னாவுக்கும் உள்ள உறவு. கரை, அதாவது பார்டர், துணியின் நீளவாக்கில் ஓடுகிறது. பாவாடையில் அது கீழே வட்டமாக வர வேண்டும். ஆகவே துணியின் பன்னாதான் பாவாடையின் உயரம், நீங்கள் வாங்கும் மீட்டர் பாவாடையின் சுற்று. பிள்ளையின் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 26 அங்குலம் என்றால், பன்னா 26, அதோடு மேலே மடிப்புக்கு 1, வளர வளர அவிழ்த்துவிட உள்ளே பிடிக்கும் டக்குக்கு 3 அல்லது 4, ஆக 30 அல்லது 31 அங்குலம் வேண்டும். இதை அளக்காமல் ‘மூணு மீட்டர் கொடுங்க’ என்று வாங்கினால் உயரம் பற்றாமல் மேலே ஒட்டுப் போட வேண்டிவரும். சுற்றுக்குச் சின்னப் பிள்ளைக்கு 2 மீட்டர் போதும், 8 வயதுக்கு மேல் 2.5 முதல் 3. டக்கைக் கைத்தையலில் நீளத் தையலாகப் போடுங்கள். மெஷினில் போட்டால் இரண்டு வருடம் கழித்துப் பிரிக்கும்போது பட்டில் துளை வரிசை நிற்கும்.

பட்டுதானா என்று பார்க்க, ஓரத்து நூல் நாலைந்தை உருவி எரியுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை, சாம்பல் விரலில் நசுங்கும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறினால் கடினமான மணியாக நிற்கும். பாவு நூலையும் (நீளவாக்கில் ஓடுவது) ஊடை நூலையும் (குறுக்கே ஓடுவது) தனித்தனியாக எரிக்க வேண்டும். ஒன்று பட்டு, ஒன்று கலப்பு என்று இருக்கும் துணி உண்டு. அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் அட்டை இருந்தால் இந்தக் கவலை குறைவு. ஜரிகையில் பிளாஸ்டிக் கலந்திருந்தால் சூடான அயர்ன் பட்டதும் சுருண்டுவிடும், அதனால் முதலில் ஓரத்தில் ஒரு அங்குலம் மட்டும் தேய்த்துப் பாருங்கள்.

நாலு முழம்:

எங்கே வாங்குவது என்ற முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் மாதத் தேவை எத்தனை மீட்டர் என்று தெரிந்தால்தான் ஊர் முடிவாகும். உள்பாவாடை 135 மீட்டர் என்று மேலே வந்துவிட்டது.

நைட்டி: தைத்த நீளம் 54 அங்குலம், மடிப்புக்கும் தோளுக்கும் 2, ஆக 56. முன் பின் இரண்டும் 112 அங்குலம், 2.85 மீட்டர். கைகள் இரண்டும் 44 பன்னாவில் பக்கத்தில் பக்கமாக வந்துவிடும், அதற்கு 10 அங்குலம், 25 செ.மீ. கழுத்துப் பட்டி வெட்டில் மிஞ்சும் துண்டில் வரும். 3.10 மீட்டர். சுருக்கத்துக்குச் சேர்த்து 3.25. கடையில் ‘நைட்டி பிட்’ என்று 3 மீட்டரில் கொடுப்பது குட்டையான அளவுக்குத்தான் சரி. 40 நைட்டிக்கு 130 மீட்டர்.

துணிப்பை: இதில்தான் பன்னா தேர்வில் பெரிய மிச்சம் இருக்கிறது. 14க்கு 16 அங்குலப் பை, அடியில் மடிப்பு, பக்கத்தில் மட்டும் தையல். உடம்புத் துண்டு 15க்கு 35. கைப்பிடி இரண்டு, ஒவ்வொன்றும் 4க்கு 22, நாலாக மடித்து ஒரு அங்குலப் பட்டியாகும். 36 அங்குலக் காடாவில் (வெளுக்காத காட்டன் துணி) 35ஐப் பன்னாவில் போட்டால் ஒரு பைக்கு 15 அங்குலம் உடம்புக்கும், 8 அங்குலம் கைப்பிடிக்கும் போகும். 23 அங்குலம், 58 செ.மீ. 100 பைக்கு 58 மீட்டர். அதே வேலைக்கு 48 அங்குலக் காடா எடுங்கள். 35 போக 13 அங்குலம் ஓரமாக மிஞ்சும். அதில் நீளவாக்கில் 4 அங்குலப் பட்டி மூன்று கிடைக்கும். 100 பைக்கு உடம்பு வெட்டும்போது நீளம் 1500 அங்குலம், மூன்று பட்டியும் சேர்த்து 4500 அங்குலம், 22ஆல் வகுத்தால் 204 கைப்பிடி. உங்களுக்கு வேண்டியது 200. கைப்பிடிக்கென்று தனியாகத் துணியே வேண்டாம், 38 மீட்டரில் 100 பை முடிகிறது. பட்டி பாவு நீளத்தில் வெட்டுப்படுவதால் இழுவைக்கும் தாங்கும். ஒரு எச்சரிக்கை: இந்த வெட்டில் பையின் கனம் ஊடை நூல்மேல் விழும். ஊடை மெல்லிசான காடா வேண்டாம், இரண்டு பக்கமும் நூலை எண்ணிப் பாருங்கள். முதலில் நாலு பைக்கு வெட்டி அடுக்கைச் சரிபார்த்துவிட்டு மீதியை வெட்டுங்கள்.

ஆக மாதம் சுமார் 300 மீட்டர். மொத்தச் சந்தையில் மீட்டருக்கு 15 ரூபாய் மிச்சம் வருகிறது என்று வைத்தால் 4500 ரூபாய். ரயில், சாப்பாடு, ஆட்டோ, பார்சல் கட்டணம், ஒருவர் ஒரு நாள் தையலை விடுவது எல்லாம் சேர்ந்து 2000 ஆனாலும் போவது கட்டும். ஆனால் 100 மீட்டருக்காகப் போனால் 1500 மிச்சப்படுத்த 2000 செலவு. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போங்கள், எல்லா வகையையும் அங்கே வாங்காதீர்கள்.

ஏன் என்றால், மொத்தக் கடையில் முழுத் தானாகத்தான் வாங்க வேண்டும். 25 மீட்டர் தானில் 11 உள்பாவாடை வரும். புடவைக்குப் பொருத்தமாக 12 நிறம் வைக்க வேண்டும் என்றால் 300 மீட்டர், இரண்டு மாதத்துக்கும் மேலான சரக்கு, பணம் அலமாரியில் தூங்கும். கறுப்பு, வெள்ளை, மெரூன், கருநீலம் இந்த நாலும் எப்போதும் ஓடும், இவற்றை மட்டும் முழுத் தானாக எடுங்கள். மயில் பச்சை, வெங்காயக் கலர் மாதிரியானவற்றை லாங்கு பஜாரில் வேண்டிய அளவு மட்டும் மீட்டரில் எடுங்கள். விலை கூடினாலும் அதுதான் லாபம். காடாவும் ஓடுகிற நைட்டித் துணியும் மொத்தத்தில்.

ஈரோடு காடா, பாப்ளின், ரேயானுக்கு நல்ல சந்தை. கனி மார்க்கெட் வாரச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவில் காட்பாடி வழியாகப் போய் விடிகாலை ஈரோடு சேரும், திங்கள் ராத்திரி ஏறினால் சந்தைக்குச் சரியாக இருக்கும். சென்னையில் பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெரு மொத்தத் துணித் தெரு, சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். ஞாயிறு போகாதீர்கள். பனியன் துணி, பின்னலாடை வகை வேண்டுமென்றால் திருப்பூர் காதர்பேட்டை, ஆனால் உங்கள் பட்டியலில் அது இல்லை, விட்டுவிடலாம். பெங்களூர் சிக்பேட்டை உங்கள் வகைக்குத் தேவையில்லை.

முழுத் தான் வாங்கும்போது ‘ஜாயிண்ட் எத்தனை’ என்று கேளுங்கள். 25 மீட்டர் என்பது 16ம் 9மாக இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் ஒரு நைட்டி அளவு வீணாகும். லேபிளில் 25 என்று இருந்தாலும் மேஜையில் அளந்து பாருங்கள், இழுத்து அளக்காமல் தளர்வாக. லாட் எண்ணை (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய சரக்கின் எண்) குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிறம், ஒரே பெயர், வேறு லாட் என்றால் பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும். ஒரு நைட்டியின் முன்னும் பின்னும் கையும் ஒரே தானிலிருந்து வர வேண்டும். வெட்டிய கட்டின் மேல் சாக்பீஸால் தான் எண் எழுதிவைத்தால் நாலு மெஷினில் கலந்தாலும் குழப்பம் வராது.

காட்பாடி தையல்:

பை வெட்டுக் கணக்குக்கு நன்றி, இதுவரை 36 பன்னாவில்தான் வெட்டுகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. கிலோ கணக்கில் கட் பீஸ் கிடைக்கிறதே, அது கட்டுமா? ரேயானையும் காட்டனையும் கடையில் கலந்து சொல்கிறார்கள், எரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

மீட்டர்கோல்:

ரேயான் மரக்கூழிலிருந்து வருவது, அதுவும் காட்டன் மாதிரிச் செடிநார் வகைதான், அதனால் எரித்தால் இரண்டும் காகித வாசனைதான் தரும். நெருப்பால் பிரிக்க முடியாது, தண்ணீரால் பிரிக்கலாம். ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் ஈரம் தொட்டு, இரு முனையையும் இழுங்கள். ஈரமான இடத்திலேயே சட்டென்று அறுந்தால் ரேயான். காட்டன் நனைந்தால் பலம் கூடும், வேறு இடத்தில்தான் அறும். கடையில் 14 கிலோ ரேயான் என்பது கனத்தைச் சொல்லும் வழக்கு, எண் கூடினால் கனம் கூடும்.

ரேயான் நைட்டி விழுவது அழகாக இருக்கும், ஆனால் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். 3.10க்கு 3.35 எடுங்கள். நனைத்தபின்தான் வெட்ட வேண்டும், இதில் விதிவிலக்கே இல்லை. வாங்கும் முன் அரை மீட்டர் எடுத்து, 40 செ.மீ.க்கு 40 செ.மீ. சதுரம் பேனாவால் குறித்து, துவைத்து, காயவைத்து, அயர்ன் செய்து அளந்தால் கணக்குத் தெரியும். 40 என்பது 38 ஆனால் 5 சதவீதம். நீளத்தையும் அகலத்தையும் தனியாக எழுதிவையுங்கள், நீளத்தில்தான் பெரும்பாலும் கூடுதலாகச் சுருங்கும்.

கிலோ துணிக்கு: 44 பன்னா கேம்ப்ரிக் (மெல்லிய காட்டன்) சதுர மீட்டருக்கு 110 கிராம் என்றால் ஒரு மீட்டர் 123 கிராம், கிலோவுக்கு 8 மீட்டர். கிலோ விலையை 8ஆல் வகுத்து, அதற்கு மேல் 20 சதவீதம் வீணாகும் என்று சேர்த்தால் உண்மையான மீட்டர் விலை. துண்டுகள் 1.5 மீட்டருக்குக் கீழே என்றால் நைட்டிக்கு ஆகாது, பை லைனிங், கழுத்துப் பட்டி, பிள்ளைகள் ஜட்டி இவற்றுக்குத்தான். ஆடித் தள்ளுபடியில் நல்ல கட் பீஸ் வரும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நூல் விடுபட்ட இடம், எண்ணெய்க் கறை பார்த்து எடுங்கள். தீபாவளிக்கு வேண்டிய சரக்கைப் புரட்டாசிக்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு நிறம் கிடைக்காது.

ஊசி நூல்:

துணி பற்றி எல்லாம் வந்துவிட்டது. துணியோடு சேர்த்து வாங்க வேண்டியதைச் சொல்லாவிட்டால் மெஷினில் ஏறும்போது பிரச்சினை வரும்.

பாப்ளின், கேம்ப்ரிக், லுங்கித் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி. ரேயான், பட்டுக்கு 11. காடாவுக்கு 16. பையின் வாய் மடிப்பில் கைப்பிடி சேரும் இடத்தில் மட்டும் ஏழு மடி துணி வரும், கைப்பிடியில் நாலு, மடிப்பில் மூன்று. அந்த இடத்துக்கு 18 போட்டு, கால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள். 14இல் தைத்தால் ஊசி வளையும், பிறகு தையல் விடும். எல்லாரும் மெஷினைக் குற்றம் சொல்வார்கள், காரணம் ஊசி. தொடர்ந்து 8 மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுங்கள். வீட்டு மெஷின் ஊசி தண்டு ஒரு பக்கம் தட்டை, பவர் மெஷின் ஊசி உருண்டை. மாற்றி வாங்கினால் பொருந்தாது, பழைய ஊசியைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பைக்கு பாலியெஸ்டர் ஸ்பன் நூல், கைப்பிடியில் சதுரம் தைத்து நடுவில் பெருக்கல் குறி. பட்டுக்கும் அதே வகை மெல்லிய நூல் போதும். கேன்வாஸ் (கழுத்துப் பட்டிக்குள் வைக்கும் விறைப்புத் துணி) வாங்கும்போது ஒட்டுவதா ஒட்டாததா என்று கேளுங்கள். நைட்டிக் கழுத்துக்கு மெல்லிய ஒட்டும் கேன்வாஸ் போதும். அயர்னைத் தேய்க்காமல் அழுத்தி 10 முதல் 12 விநாடி வைத்து, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். துவைத்தபின் கழுத்தில் கொப்புளம் எழுந்தால் இரண்டில் ஒன்று: சூடு பற்றவில்லை, அல்லது துணி சுருங்கிவிட்டது, கேன்வாஸ் சுருங்கவில்லை. நனைத்த துணியில் ஒட்டினால் இரண்டாவது காரணம் போய்விடும்.

இன்னொரு விஷயம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், வடகிழக்கிலிருந்து வருபவர்கள் வாரக்கணக்கில் வேலூரில் தங்குகிறார்கள். முன்பக்கம் முழுக்கத் திறக்கும் பருத்தி நைட்டி அவர்களுக்குத் தேவை. அதற்கு முன் துண்டு இரண்டாகும், பட்டன் பட்டிக்கு இரண்டு பக்கமும் 2 அங்குலம் வீதம் 4 அங்குலம் அகலம் கூடுதல். 44 பன்னாவில் பருத்த உடம்புக்கு அது பற்றாது. குடியாத்தம் 50 பன்னாத் துணி கிடைத்தால் அந்த உருப்படிக்கு அதை ஒதுக்கிவையுங்கள். உலோக ஜிப் வேண்டாம், ஸ்கேன் எடுக்கும் அறையில் கழற்றச் சொல்வார்கள். துணியால் நாடா கட்டுங்கள், கை அகலத்தை ஊசி போட ஏதுவாக 18 அங்குலச் சுற்றுக்குக் குறையாமல் வையுங்கள்.